காபி 6 டாலர், கட்டணம் 35: லாபிக் கணக்கு காட்டும் இரண்டு தளங்கள்

நியூஜெர்சியில் ஒரு சரக்குக் கிடங்குக்குக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. நாள் முழுக்க பில், வவுச்சர், படிவம். ஞாயிற்றுக்கிழமையும் படிவம் படிக்கிற ஆள் என்று வீட்டில் கேலி செய்வார்கள். அந்தக் கேலிக்கு ஏற்றபடி இந்த விமர்சனமும் ஒரு படிவத்தைப் பற்றியதுதான்: லாபி, அதாவது சட்டம் போடுபவர்களையும் அரசுத் துறைகளையும் தங்கள் பக்கம் இழுக்க ஆள் வைத்துப் பேசுவது, அதற்கு ஆன செலவைச் சொல்லும் படிவம்.

எல்லாம் மகன் குடித்த காபியில் ஆரம்பித்தது. கணக்கில் 4 டாலர் இருந்தபோது 6 டாலருக்குக் காபி வாங்கியிருக்கிறான். வங்கி (பெயர் வேண்டாம்) கடைக்காரருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, இருப்பை மீறியதற்காக இவனிடம் 35 டாலர் பிடித்துக்கொண்டது. டெபிட் கார்டில் வாங்கும் பொருளுக்கு இப்படிப் பிடிக்க வேண்டுமானால் முன்கூட்டியே நம் சம்மதம் வாங்க வேண்டும் என்று 2010-லேயே விதி வந்துவிட்டது. “சம்மதம் குடுத்தியாடா?” என்றேன். “கணக்கு தொறக்கும்போது எல்லாத்துக்கும் ஓகே அழுத்தினேன்ப்பா” என்றான்.

இந்தக் கட்டணத்துக்குக் கடிவாளம் போட ஒரு விதி வந்ததே, என்ன ஆயிற்று என்று தேடினேன். சி.எஃப்.பி.பி. எனப்படும் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2024 டிசம்பர் 12 அன்று அதை வெளியிட்டது. 1,000 கோடி டாலருக்கு மேல் சொத்துள்ள வங்கிகள் 5 டாலர் மட்டும் வாங்கலாம்; அல்லது தங்களுக்கு ஆகும் செலவை மட்டும் வாங்கலாம்; அதற்கும் மேல் வேண்டுமென்றால் கடன் கொடுப்பதுபோல் வட்டி விவரம் சொல்லிக் கொடுக்க வேண்டும். 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டியது. அதற்கு முன்பே, அதே ஆண்டு மார்ச்சில் செனட் 52-48 என்றும் ஏப்ரலில் கீழவை 217-211 என்றும் வாக்களித்து ரத்து செய்தன; மே 9 அன்று டிரம்ப் கையெழுத்திட்டார். இப்படி இரண்டு அவைகளும் வாக்களித்து ரத்து செய்த விதியை, புதுச் சட்டம் இல்லாமல் அதே மாதிரி மறுபடி கொண்டுவரவும் முடியாது.

இதில் வங்கிகளின் சங்கமான அமெரிக்கன் பேங்கர்ஸ் அசோசியேஷன் என்ன செய்தது, எவ்வளவு செலவழித்தது என்று பார்க்கத்தான் இரண்டு தளங்களுக்கும் போனேன். 1875-இல் தொடங்கிய சங்கம், வாஷிங்டனில் தலைமையகம். ஒரு எச்சரிக்கை: ஏ.பி.ஏ. என்ற சுருக்கப் பெயர் வழக்கறிஞர் சங்கத்துக்கும் உண்டு. நான் கால் மணி நேரம் வக்கீல்களின் கணக்கைப் படித்துவிட்டுத்தான் விழித்துக்கொண்டேன்.

முதல் தளம் ஓப்பன் சீக்ரெட்ஸ். 1983-இல் ஃபிராங்க் சர்ச், ஹ்யூ ஸ்காட் என்ற இரண்டு முன்னாள் செனட்டர்கள், கட்சிக்கு ஒருவராகச் சேர்ந்து தொடங்கிய அமைப்பு நடத்துகிறது. 1998 முதல் லாபிச் செலவு ஆண்டுவாரியாக இருக்கிறது. சங்கத்தின் பெயரை அடித்தால் மொத்தத் தொகை, குறிப்பிட்ட மசோதாக்கள், லாபியிஸ்ட்களின் பெயர், அவர்களில் முன்பு அரசு வேலையில் இருந்தவர்கள் என எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். முக்கியமான உதவி, கூட்டலில். சங்கம் தன் ஆட்களை வைத்தும் லாபி செய்யும், வெளி நிறுவனங்களை அமர்த்தியும் செய்யும். வெளி நிறுவனம் வாங்கிய காசை அது தனியாகக் கணக்குக் காட்டும். அதே காசு சங்கத்தின் செலவிலும் சேர்ந்திருக்கும். நாமே இரண்டையும் கூட்டினால் இரட்டைப் பதிவு ஆகிவிடும். இவர்கள் அதைக் கழித்துத் தருகிறார்கள். கணக்கெழுதுபவன் என்ற முறையில் இதற்கே ஒரு கும்பிடு.

இரண்டாவது, செனட்டின் தேடல் பக்கம். அலங்காரம் எதுவும் இல்லை, இலவசம். 1995-ஆம் ஆண்டு லாபிச் சட்டப்படி தாக்கல் செய்யும் மூலப் படிவங்கள் இங்கே இருக்கின்றன. 2007 திருத்தத்துக்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, காலாண்டு முடிந்து 20 நாளுக்குள் கொடுக்க வேண்டும். எனக்குப் பிடித்தது இந்தப் பக்கம்தான். தொகை, பக்கத்து 10,000 டாலருக்கு முழுமையாக்கிய ஒரே ஒரு எண். எங்கள் ஆடிட்டரிடம் இப்படிக் கொண்டுபோனால் துரத்திவிடுவார். அந்த எண்ணுக்குப் பக்கத்தில், எந்த முறையில் கணக்கிட்டார்கள் என்று காட்டும் சிறு கட்டம் ஒன்று உண்டு; யாரும் கவனிப்பதில்லை. லாபிச் சட்டத்தின் வரையறைப்படியும் போடலாம், வருமான வரிச் சட்டத்தின் வரையறைப்படியும் போடலாம். வரிச் சட்ட முறையில் மாநில அளவிலான லாபியும், பொதுமக்களைத் தூண்டிவிடும் பிரசாரமும் சேரும். ஆகவே இரண்டு சங்கங்களின் தொகையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து “இவர்கள்தான் பெரிய கை” என்பதற்கு முன்னால் அந்தக் கட்டத்தைப் பாருங்கள். ஒருவர் படியிலும் இன்னொருவர் கிலோவிலும் அளந்திருக்கலாம்.

தொகைக்குக் கீழேதான் விஷயம் இருக்கிறது. எந்த மசோதா, எந்த அவை, எந்தத் துறை, யார் போய்ப் பேசினார்கள் என்று வரிவரியாக இருக்கும். புதிதாகச் சேர்க்கும் லாபியிஸ்ட் முன்பு வகித்த அரசுப் பதவியை 20 ஆண்டுவரை பின்னோக்கிப் போய் எழுத வேண்டும். நேற்றுவரை மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தவர் இன்று இந்தப்பக்கம் உட்கார்ந்திருப்பது அந்த ஒரு வரியில் தெரியும்.

குறைகள் சட்டத்தின் குறைகள். மசோதாவை ஆதரித்தார்களா எதிர்த்தார்களா என்று எழுத வேண்டியதில்லை. எந்த உறுப்பினரைப் பார்த்தார்கள் என்பதும் வேண்டாம். ஒரு வாடிக்கையாளருக்காகத் தன் வேலை நேரத்தில் 20 சதவீதத்துக்குக் குறைவாக லாபி செய்பவர் லாபியிஸ்ட்டே இல்லை. அப்புறம், வழக்குச் செலவு இந்தக் கணக்கில் வராது. 5 டாலர் விதி வந்த அதே நாளில் இந்தச் சங்கம் மிஸிஸிப்பி கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. கூடவே கடன் கூட்டுறவுச் சங்கங்களின் அமைப்பும் நின்றது. வரிச் சலுகை விஷயத்தில் இந்த இரண்டு தரப்பும் எலியும் பூனையும். கட்டணம் என்றதும் ஒரே மனுவில் கையெழுத்து! அவர்கள் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன்: கட்டணத்தைக் குறைத்தால் வங்கிகள் இந்த வசதியையே நிறுத்திவிடும், கையில் காசில்லாதவர்கள் சம்பள முன்கடன் கடைக்குத்தான் போவார்கள் என்றார்கள். ஆனால் அந்த வழக்கு, எந்தக் காலாண்டுப் படிவத்திலும் செலவாகத் தெரியாது.

ஓப்பன் சீக்ரெட்ஸுக்கு ஐந்துக்கு நான்கரை. செனட் பக்கத்துக்கு நான்கு. பொறுமை இல்லாதவர்களுக்கு இரண்டுதான் தேறும். முதலில் ஓப்பன் சீக்ரெட்ஸில் பெயரைப் பிடித்துக்கொண்டு, செனட் பக்கத்துக்கு வந்து படிவத்தைப் படியுங்கள். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் 20-ஆம் தேதிக்கு அடுத்த நாள் வந்தால் புதுச் சரக்கு இருக்கும்.

மகன் வங்கிச் செயலியில் அந்தச் சம்மதத்தை எடுத்துவிட்டான். போன வாரம் காபிக் கடையில் கார்டு செல்லவில்லையாம். “மானமே போச்சுப்பா” என்றான். 35 டாலர் போகவில்லை.