உயிரியல் ஆய்வாளர்களுக்கான உயர்நிலை ஆர் பயிற்சி: ஒரு மதிப்பீடு

ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் ஓரளவு பழகிய உயிரியல் ஆய்வாளர்களுக்கான இந்த இணையவழிப் பயிற்சியில், மரபணு வெளிப்பாட்டுப் பகுப்பாய்வுக்கு, அதாவது எந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்று ஆராய்வதற்கு, ஒதுக்கிய பகுதியே மிகச் சிறந்தது. ஆர் மொழிக்கான உயிரியல் மென்பொருள் திட்டமான பயோகண்டக்டர் தரும் ‘ஏர்வே’ தரவை, அதாவது டெக்சாமெத்தசோன் என்ற அழற்சி எதிர்ப்பு மருந்தைக் கொடுத்தும் கொடுக்காமலும் வளர்த்த 4 மூச்சுக்குழாய்த் தசைச் செல் வரிசைகளின் 8 மாதிரிகளை எடுத்துக்கொண்டு, மாதிரி எந்தச் செல் வரிசையைச் சேர்ந்தது என்பதைப் பகுப்பாய்வுச் சூத்திரத்தில் சேர்க்காவிட்டால் மருந்தின் விளைவு எப்படி மங்கிவிடும் என்பதை ஆசிரியர் இரு வழியிலும் ஓட்டிக் காட்டினார். எண்ணிக்கைத் தரவில் பரவற்படி (மதிப்புகளின் சிதறல் அளவு) சராசரியை மிஞ்சிவிடுவதால், இரண்டும் சமம் என்று கொள்ளும் பாய்சான் பரவல் போதாது, கூடுதல் சிதறலுக்கு இடம்தரும் எதிர்மறை ஈருறுப்புப் பரவல் தேவை என்பதும் அங்கேயே தெளிவாயிற்று. வரைபடப் பகுதி சாதாரணம். ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒருசேரச் சோதிக்கும்போது பி-மதிப்பை (உண்மையில் விளைவே இல்லாதபோதும் இவ்வளவு வேறுபாடு தற்செயலாகத் தோன்றும் வாய்ப்பை) திருத்துவதற்கு இன்னும் நேரம் தந்திருக்க வேண்டும். போலி முடிவுகள் நுழைவது அந்த வாசல் வழியாகத்தான். அடிப்படை தெரிந்தவர்கள் தங்கள் சொந்தத் தரவோடு தயங்காமல் சேரலாம்.