ஏ9 ரோட்டோர நாற்றுமேடை வெட்டிவேர்க் கண்டு: வாங்கலாம், ஆனா போர்டை நம்பாதேங்கோ

கிளிநொச்சிப் பக்கம் ஏ9 ரோட்டோரம் இருக்கிற ஒரு நாற்றுமேடையில வெட்டிவேர்க் கண்டு எடுத்தனான், பாதி எங்கட வாய்க்கால் கரைக்கு, மிச்சம் மலையகத்தில வெலிமடையில உருளைக்கிழங்கு செய்யிற மச்சானுக்கு. மனுசியின்ர ஆக்கள் 1977 இனக்கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில இருந்து வன்னிக்கு வந்தவை, ஒரு பகுதி அங்கயே நிண்டிட்டினம், அதால மலையில மழை எண்டா எங்கட வீட்டிலயும் நித்திரை இல்லை.

கண்டு நல்லது. இலையைக் கட்டையா வெட்டித்தான் தந்தவை, அதுதான் சரி, நீளமா விட்டா வேர் பிடிக்க முதல் காஞ்சிடும். கடைக்கார அண்ணை தேயிலைத் தோட்டத்தில தண்ணி ஓடுற கான் வெட்டினவர், "மேலருந்து கீழ நட்டீங்கன்னா தண்ணிக்கு நீங்களே ரோடு போட்டுக் குடுக்கிறீங்க தம்பி, குறுக்கால நடுங்க" எண்டு சொல்லி, மூண்டு தடியை ஏ எழுத்து மாதிரிக் கட்டிக் கல்லுத் தொங்கவிட்ட சட்டத்தால, சரிவில ஒரே உயரத்தில குறுக்கால போற சமமட்டக் கோடு பிடிக்கிறதையும் காட்டித் தந்தவர், அதுக்குக் காசு வாங்கேல்ல.

அந்தக் கோட்டில 10, 15 சென்ரிமீற்றருக்கு ஒண்டா நட்டா அடைச்சுக்கொண்டு வரும், தண்ணி மெதுவா வடியும், மண் பின்னால தங்கித் தங்கி வருசக்கணக்கில படிக்கட்டு நிலமாகும். வேர் 3 மீற்றர் வரைக்கும் நேர கீழ இறங்கும், பாத்திக்குள்ள பரவாது. முந்தி நாள்க்கணக்கில தூறின மழை இப்ப ரெண்டு மூண்டு மணித்தியாலத்தில கொட்டுது, கிழங்கு கிண்டின வெறும் சரிவில அது விழுந்தா மச்சான்ர மேல்மண் உமா ஓயா ஆத்தோட போய்க் கீழ நீர்த்தேக்கத்தில சேறாப் படியும், திரும்ப வராது.

பையில கனநாள் கிடந்த சில கண்டுகளில வேர் சுருண்டு கிடந்தது, கேட்டவுடன மாத்தித் தந்தவர், அது பெரிய விசயமில்லை. ஆனா போர்டில "மண்சரிவைத் தடுக்கும்" எண்டு எழுதிக் கிடக்கு. அதை அழிக்கச் சொல்லி நேரயே சொன்னனான். வெட்டிவேர் மேல்மண் கழுவுப்படுறதைத்தான் பிடிக்கும். 2014 ஒக்ரோபர் 29 கொஸ்லாந்தை மீரியபெத்தையில தோட்டத் தொழிலாளர் லயன் வீடுகளை மூடின மாதிரி ஆழத்தில இருந்து மலையே கழண்டு வந்தா எந்தப் புல்லும் நிக்காது. மண்சரிவு எச்சரிக்கை விடுற தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இடத்தை விட்டு எழும்பச் சொன்னா எழும்பத்தான் வேணும், இந்த ஒரு வரியை நம்பி ஒரு குடும்பம் அங்க நிண்டிடக் கூடாது.

நான் எடுக்கேக்க கண்டு 40 ரூபா, கூட எடுத்தா குறைப்பார். நிழலில வைக்காதேங்கோ, வராது. இஞ்ச ஐப்பசி மழையோட நட்டா தண்ணி ஊத்துற வேலை குறைவு.