ஜோஹோ புக்ஸ்: பலசரக்கு மொத்தக் கடைக்கு ஒத்துவருமா?

தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் கம்பெனியின் கணக்கு மென்பொருள் என்பதால் நெல்லை வியாபாரிகளுக்கு இதன்மேல் ஒரு பாசம் உண்டு. பாசம் இருக்கட்டும், வேலையைப் பார்ப்போம்.

டவுனில் கடை, பேட்டையில் குடோன் என இரண்டு இடத்தில் சரக்கு வைத்திருப்பவருக்கு இது நன்றாகவே உதவும். நெட்டில் ஓடுவதால் ஒரே கணக்கை இரு பக்கமும் பார்க்கலாம். ஆடிட்டருக்குத் தனி லாகின் கொடுத்தால் பென் டிரைவ் அலைச்சல் மிச்சம்.

சிக்கல் முதல் வாரத்திலேயே வரும். சரக்குப் பட்டியலை இதில் ஏற்றுவதற்காக எக்செல்லில் அடிக்கும்போது மிளகு, மிளகாய் வத்தலின் ஹெச்எஸ்என் (ஜிஎஸ்டி பில்லில் போடும் சரக்குக் குறியீட்டு எண்) 0904 என்பது 904 ஆகிவிடும். முன்னால் உள்ள சைபரை எக்செல் விழுங்கிவிடும். அடிப்பதற்கு முன்பே அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். அளவைக் கிலோவிலேயே வையுங்கள். மூட்டை என்று போட்டால், 50 கிலோ மூட்டையும் 30 கிலோ மூட்டையும் ஒன்றாகி இருப்பு குளறுபடியாகும்.

ஏப்ரல் 1-ல் தொடங்குவது உத்தமம். தொடக்க இருப்பில் பற்றும் வரவும் ஒட்டாவிட்டால் வித்தியாசம் 'ஓப்பனிங் பேலன்ஸ் அட்ஜஸ்ட்மென்ட்ஸ்' கணக்கில் போய் உட்காரும். அது சைபர் ஆகும்வரை பில் போடாதீர்கள். ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்த மாதத்தை 'டிரான்சாக்ஷன் லாக்கிங்' மூலம் பூட்டிவிட்டால் பழைய பில்லில் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

நெட் போனால் பிரவுசரில் பில்லும் போச்சு. கரண்ட் போனாலும் ஓட ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ், கூடவே வேறு கம்பெனி சிம்மில் ஹாட்ஸ்பாட் வேண்டும். கூட்டம் மொய்க்கும் சில்லறைக் கல்லாவுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.