சிறுநீரகம் பழுதானவருக்கு மூட்டு வலி வந்தால் எந்த மாத்திரை?

இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனைக் கணக்கு) 30-க்குக் கீழே போனவருக்கும் முழங்கால் வலிக்கத்தான் செய்யும். பயமெல்லாம், மெடிக்கலில் ‘வலிக்கு ஏதாவது கொடுங்க’ என்று கேட்டு வாங்கிப் போடுவதில்தான்.

முதலில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபன் வகை. வலி சட்டென்று குறையும், மறுக்கவில்லை. ஆனால் சிறுநீரகத்துக்குள் ரத்தம் போகும் நுண்குழாயை விரித்து வைத்திருக்கும் ப்ராஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனத்தையே இவை தடுத்துவிடுகின்றன, ஏற்கெனவே தள்ளாடும் சிறுநீரகம் அதை நம்பித்தான் ஓடிக்கொண்டிருக்கும். கால் வீங்கும், பிபி ஏறும், பொட்டாசியமும் ஏறும். கூடவே பிபிக்கு டெல்மிசார்டனோ எனலாப்ரிலோ, நீர் பிரிய ஃப்யூரோசமைடோ சாப்பிடுகிறவர் என்றால் சில நாளிலேயே கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) எகிறலாம். ஊசியாகப் போட்டாலும் இதே கதைதான். வயிற்றுக்கு இதமானது என்று தரப்படும் எட்டோரிகாக்சிபும் சிறுநீரகத்துக்கு இதமானது இல்லை.

பாராசிட்டமால் பெரும்பாலும் கல்லீரலில் கரைகிற மருந்து, அதனால் என் ஓட்டு முதலில் இதற்குத்தான். 500 அல்லது 650 மி.கி., ஆறு முதல் எட்டு மணி நேர இடைவெளியில், நாளுக்கு 3 கிராமைத் தாண்டாமல். மெலிந்தவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் இன்னும் குறைவாக. தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் வகை வேண்டாம், அதில் சோடியம் அதிகம். வாங்கும்போது அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: ‘ஏசெக்ளோஃபெனாக் 100 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி.’ என்று பொடி எழுத்தில் இருந்தால் அது பாராசிட்டமால் மாத்திரை இல்லை, முதல் வகைதான்.

டைக்ளோஃபெனாக் ஜெல்? மாத்திரையைவிட மிகக் கொஞ்சமே ரத்தத்தில் சேரும். ஒரு மூட்டுக்குச் சில நாள் தடவுவது என்றால் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு செய்யலாம்.

ஓபியாய்டு வகை வலி மருந்தான டிராமடால் இதற்கெல்லாம் அடுத்துதான், அதுவும் இந்தக் கட்டத்தில் அளவைக் குறைத்து 12 மணி நேரத்துக்கு ஒன்று என்ற கணக்கில்; உடம்பில் தேங்கினால் மயக்கம், வலிப்புவரை போகும். நரம்பு எரிச்சலுக்குத் தரும் ப்ரீகாபலின், காபாபென்டின் இரண்டும் வெளியேற சிறுநீரை விட்டால் வேறு வழியில்லை. வழக்கமான அளவைக் கொடுத்துவிட்டு, அப்பா பகலெல்லாம் தூங்குகிறார், கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது என்றால் வயசை மட்டும் காரணமாக நினைக்காமல் உடனே சிறுநீரக டாக்டரிடம் சொல்லுங்கள்.

அப்புறம், டயாலிசிஸ் ஆரம்பித்தாகிவிட்டதே, இனி எந்த வலி மாத்திரை போட்டால் என்ன என்று கேட்கிறார்கள். சிறுநீர் இன்னும் ஓரளவு போகிறது என்றால் அந்த அளவுக்குத் தண்ணீர்க் கட்டுப்பாடு தளரும், மிச்சமிருக்கும் அந்தச் சிறுநீரைக் கெடுப்பதும் இதே டைக்ளோஃபெனாக்தான்.