பேரிக்காய்ப் படத்தைப் பார்த்து கார்செட் வாங்காதீர்கள்

ஐந்து வாரம் ஆகிவிட்டது. இடது தொடையின் வெளிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு இன்னும் மரத்தே இருக்கிறது. கிள்ளிப் பார்த்தால் வேறு யாரோ ஒருவரின் தொடையைக் கிள்ளுகிற மாதிரி இருக்கிறது. டாக்டரிடம் போனேன். இடுப்பெலும்பின் முன்முனையை ஒட்டித் தொடைக்கு இறங்கும் ஒரு உணர்வு நரம்பு அழுந்திவிட்டது என்றார். இறுக்கமாக பெல்ட் போடுகிறவர்களுக்கும் இது வருமாம். "அழுத்தத்தை எடுத்துட்டா பெரும்பாலும் தானா சரியாயிரும். அதை இனிமே தொடாதம்மா" என்றார். 'அது' என்று அவர் சொன்னது 5,200 ரூபாய் கொடுத்து நான் இன்ஸ்டாகிராமில் வாங்கிய கார்செட்டை, அதாவது உள்ளே கம்பிகள் வைத்துத் தைத்து, பின்னால் கயிறு இழுத்து இடையை இறுக்கிக் கட்டுகிற உள்ளாடையை.

மே மாதம் எனக்குக் கல்யாணம். தூத்துக்குடியில், சர்ச்சில் வெள்ளைக் கவுன். முதல் டிரையலிலேயே கவுன் இடுப்பில் நிற்காமல் இறங்கியது. தைக்கிற அக்காதான், "உள்ள ஒரு கார்செட் போட்டா பிடிச்சு நிக்கும் பிள்ள" என்றார். அதுவரை நான் கார்செட்டைக் கையால்கூடத் தொட்டதில்லை. அன்று ராத்திரியே போனில் தேடினேன்.

வந்து விழுந்த விளம்பரத்தில் ஐந்து படங்கள்: பேரிக்காய், ஆப்பிள், மணற்கடிகாரம், செவ்வகம், தலைகீழ் முக்கோணம். 'உங்கள் உடல்வாகு எது? தொட்டுச் சொல்லுங்கள், உங்களுக்கென்றே பொருந்தும் கார்செட் வரும்.' எனக்கு இடுப்புக்குக் கீழே அகலம் அதிகம், அதனால் பேரிக்காயைத் தொட்டேன். அடுத்த கேள்வி, ஜீன்ஸ் சைஸ் என்ன? அவ்வளவுதான். அளவு எதையும் கேட்கவில்லை. 'ஒரிஜினல் ஸ்டீல் போன், 14 கம்பி, முதல்முறை அணிபவர்களுக்கு ஏற்றது' என்று போட்டிருந்தது. 'போன்' என்றால் துணிக்குள் செருகுகிற கம்பி. பணம் கட்டிவிட்டேன்.

வந்த சரக்கு பார்க்க அழகாகத்தான் இருந்தது. போட்டு, பின்னால் கட்டுகிற கயிற்றை, அதாவது லேஸை இழுத்து, கண்ணாடியில் முதுகைப் பார்த்தேன். லேஸ் சேர்க்கிற இரண்டு விளிம்புக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலே ஓர் அங்குலம், கீழே ஐந்து அங்குலம், ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி விரிந்து நின்றது. போட்டோ எடுத்து அனுப்பினேன். "போகப் போக பாடி அட்ஜஸ்ட் ஆகிடும் மேம், டெய்லி மூணு மணி நேரம் போடுங்க" என்று பதில் வந்தது. நம்பிப் போட்டேன். உட்கார்ந்து ஆபீஸ் வேலை செய்யும்போதும் போட்டிருந்தேன். கீழ் விளிம்பு இடுப்பெலும்பில் ஏறி உட்கார்ந்தது. நான்காம் நாள் இடது விலாவுக்குக் கீழே சுருக்கென்று குத்தியது. அன்று மாலைதான் தொடை மரத்ததையும் கவனித்தேன்.

அந்த லேஸ் இடைவெளிதான் கார்செட் பேசுகிற மொழி. அன்று எனக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. மேலிருந்து கீழ்வரை இரண்டு அங்குலம் அளவில் நேராக, இணையாக இருந்தால் பொருந்தியிருக்கிறது என்று அர்த்தம். கீழே விரிந்தால் இடுப்பெலும்புக்கு இடம் போதவில்லை. மேலே விரிந்தால் விலாவுக்கு இடம் போதவில்லை. நடுவில் ஒட்டி, மேலும் கீழும் விரிந்தால் அந்த கார்செட்டில் உங்கள் உடம்புக்கு வேண்டிய வளைவே இல்லை. எத்தனை நாள் போட்டாலும் இது மாறாது. எலும்பு எங்கே போய் அட்ஜஸ்ட் ஆகும்?

தைக்கிற அக்காவிடம் எடுத்துப் போனேன். அவர் தையல் மிஷின் பெட்டியிலிருந்து ஊசி பொறுக்குகிற காந்தத்தை எடுத்து ஒவ்வொரு கம்பியின் மேலும் வைத்தார். முன்பக்கக் கொக்கிப் பட்டையில் மட்டும் டக்கென்று ஒட்டியது. மற்ற எதிலும் ஒட்டவில்லை, வழுக்கி விழுந்தது. பிறகு ரிப்பரால் ஒரு ஓரத்தைப் பிரித்து, இரண்டு விரலால் உருவினார். வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டி. இடுப்பு வரும் இடத்தில் முழங்கால் மாதிரி மடங்கிப்போய், மேசையில் போட்டும் நிமிரவில்லை. நுனியில் மூடி கிடையாது, கத்தரியால் வெட்டிய கூர் அப்படியே இருந்தது. என்னைக் குத்தியது அதுதான். "ஸ்பிரிங் மாதிரி பின்னின ஸ்டீல் கம்பி போடுவாங்க பிள்ள, எந்தப் பக்கம் வளைச்சாலும் திரும்பி நிமிரும். இதப் போயி ஸ்டீல்னு வித்திருக்கான் பாரு" என்றார். உள்ளே இடுப்பைச் சுற்றி ஒரு நாடா வைத்துத் தைத்திருக்க வேண்டுமாம். இழுவை எல்லாம் அந்த நாடாவில்தான் விழ வேண்டும். இதில் அதுவும் இல்லை. துணி சாட்டின் மட்டும்தான், இழுத்த இழுப்புக்கு நீண்டுகொண்டே போனது.

அன்றைக்கு அவர் இஞ்ச் டேப்பில் எடுத்த அளவுகளை இங்கே போடுகிறேன். வேண்டும் என்றால் பக்கத்தில் உங்கள் அளவை எழுதிப் பாருங்கள்.

மார்புக்குக் கீழே விலாச் சுற்று எனக்கு 29. இடை 28. இடுப்பெலும்பின் மேல்விளிம்பைச் சுற்றி 36. கார்செட்டை முழுக்க மூடித் தரையில் விரித்து அளந்தால் மேலே 28, நடுவில் 24, கீழே 30. முதல்முறை போடுகிறவர்கள், இடை 38-க்குள் இருந்தால், தன் இடையைவிட நான்கு அங்குலம் குறைந்த கார்செட் எடுப்பது வழக்கம், அதிலும் பின்னால் இரண்டு அங்குலம் விட்டே கட்டுவார்கள். அந்தக் கணக்கில் 24 எனக்குச் சரியான எண்தான். ஆனால் அதே இரண்டு அங்குல இடைவெளியோடு என் இடுப்பெலும்பைத் தாண்ட வேண்டுமென்றால் கீழே 34 இருந்திருக்க வேண்டும். நான்கு அங்குலம் குறைவு! பேரிக்காய் உடல்வாகு என்றால் அந்த நான்கு அங்குலத்துக்குத்தான் பெயர். அதற்கு இடுப்புப் பக்கம் அகன்ற துண்டுகள் வைத்து வெட்ட வேண்டும். படத்தைத் தொட்டதோடு அது வந்துவிடாது.

இன்னொரு அளவை யாருமே கேட்பதில்லை, என் தொடையைக் கெடுத்தது அதுதான். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மார்புக்குக் கீழிருந்து மடிவரை அளக்க வேண்டும். எனக்கு பத்தரை அங்குலம். கார்செட்டின் உயரம் 13. நான் உட்காரும்போதெல்லாம் மிச்சம் இரண்டரை அங்குலம் எங்கே போகும்? உள்ளே குத்திக்கொண்டு இறங்கியிருக்கிறது. குள்ளமானவர்கள், உடம்பு நீளம் குறைந்தவர்கள் இதை முதலில் பாருங்கள்.

என் ஆபீஸ் தோழியும் அதே கடையில் வாங்கியிருந்தாள், எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவள் தொட்டது ஆப்பிள். அவளுக்கு வயிற்றுப் பக்கம்தான் அகலம், முன்பட்டை விறைப்பாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று விரித்து வைத்தோம். ஒரு நூல்கூடப் பிசகவில்லை. இரண்டும் ஒரே சரக்கு!

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு முதலில் "இன்னர்வேர், ரிட்டர்ன் கிடையாது", அடுத்து "நீங்க சைஸ் தப்பா சொல்லிட்டீங்க", அதற்கும் பதில் போட்டதும் பிளாக். இதற்காகவே சொல்கிறேன்: 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்றவர் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ மறுக்கக் கூடாது. காந்தம் ஒட்டாததை வீடியோ எடுத்தேன், 'ஸ்டீல் போன்' என்ற விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டும் இருந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். ஸ்கிரீன்ஷாட்டை வாங்குகிற அன்றே எடுத்து வையுங்கள், பிளாக் செய்த பிறகு எதுவும் கண்ணில் படாது.

சரியான கார்செட் கிடைத்தாலும் முதல் சில நாள் தளர்த்தியாக, ஒன்றிரண்டு மணி நேரம் மட்டும் போடுங்கள், உள்ளே பருத்தி பனியன் இருக்கட்டும். கழற்றும்போது லேஸைத் தளர்த்திவிட்டு முன்கொக்கியை எடுங்கள். மரத்தாலோ ஊசி குத்துவதுபோல இருந்தாலோ அந்த நிமிடமே கழற்றுங்கள். கீழ் விளிம்பு எலும்பில் அழுந்தியும் நான் நான்கு நாள் பொறுத்தேன், அதுதான் தப்பாகப் போயிற்று. அந்த விளம்பரத்தில் 'பிரசவமான பெண்களுக்கும் ஏற்றது' என்றும் ஒரு வரி இருந்தது, தயவுசெய்து டாக்டரைக் கேட்காமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

என் கவுனுக்குள் அக்காவே ஸ்டீல் கம்பி வைத்து, இடுப்பு நாடா கொடுத்துத் தைக்கிறார். சனிக்கிழமை டிரையல்.

இன்று காலையில் தோழி அவள் போனில் காட்டினாள். அதே ஐந்து படங்கள், இப்போது கார்செட் ரோஸ் நிறத்தில். கீழே ஒரு பெண், 'எனக்கு பேரிக்காய், எது எடுக்கட்டும்?' என்று கேட்டிருந்தாள். தோழியின் கணக்கிலிருந்தே அவளுக்குத் தனியாக மெசேஜ் போட்டேன்: இடுப்பெலும்பு கிட்ட சுற்றளவு எவ்வளவு, அளந்தியாம்மா?