தாண்டிக்குடி கல்திட்டை நடை: ஒரு மதிப்புரை

பழனி மலையின் தாண்டிக்குடியில், உள்ளூர் வழிகாட்டி ஒருவர் காப்பித் தோட்டங்களின் வழியே நடத்தும் கல்திட்டை நடைக்குக் கடந்த மாதம் போயிருந்தேன்; கல்திட்டை என்பது கற்பலகைகளை நிறுத்தி, மேலே மூடுகல் வைத்து, இறந்தோருக்காக எழுப்பிய பழங்கால ஈமச்சின்னம். தொல்லியல் என்றாலே புதையல் எடுப்பது என்று எண்ணி வந்திருந்தவர்களிடம், மண்ணடுக்கின் நிறமாற்றத்தைக் குறித்தல், ஆழத்தை அளத்தல், தோண்டிய மண்ணைச் சலித்தல், பானையோடுகளைக் கழுவி எண்ணிடுதல் ஆகியவற்றிலேயே களப்பணியின் பெரும்பொழுது கழிகிறது என்று அவர் பொறுமையாக விளக்கியது மிகச் சிறப்பு. மலையடிவாரத்தில் உள்ள பொருந்தல் என்னும் ஊரில் புதுவைப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்த ஈமச்சின்னத்தில், நான்கு கால் சாடி ஒன்றில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 490 எனக் கணிக்கப்பட்டதை அவர் சொன்னதும், அதுவரை பொன்னைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்த சிறுவன் நெல்லைப் பற்றிக் கேட்கத் தொடங்கினான். குறை ஒன்று உண்டு: மூடுகல்லின்மேல் ஏறிப் படமெடுத்தவர்களை அவர் உடனே தடுத்திருக்க வேண்டும்.