இரண்டு வருட வெல்டிங் அனுபவம்: ஆர்க் ஏன் துடித்தது, எப்படிச் சரியானது

மாடிக் கைப்பிடியும் சின்னச் சின்ன ஸ்டாண்டுகளும் நாமே செய்துகொள்ளலாம் என்று 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் வெல்டிங் மிஷின் வாங்கி இரண்டு வருடம் ஆகப்போகிறது. முதல் நான்கு மாதம் ஆர்க், அதாவது வெல்டிங் ராடின் நுனிக்கும் இரும்புக்கும் நடுவில் எரியும் மின்சுடர், ஒழுங்காக நின்றதே இல்லை. பற்றும், துடிக்கும், அணையும், இல்லாவிட்டால் ராடு இரும்போடு ஒட்டிக்கொள்ளும். ஆம்பியரை ஏற்றுவதும் இறக்குவதுமாகவே ஒரு பாக்கெட் ராடு தீர்ந்தது.

கோளாறு அந்த ஆம்பியர் குமிழில் இல்லை. ஒருநாள் மிஷினை அணைத்துவிட்டு எர்த் கிளாம்ப்பை, அதாவது கரண்ட் திரும்பிப் போக இரும்பைக் கடித்திருக்கும் கவ்வியைக் கழற்றினேன், அதில் கேபிள் சேரும் உலோக முனையான லக் கை வைக்க முடியாத சூடு. கிளாம்ப் கடித்திருந்த இடத்தில் பெயின்ட் மேலேயே இரண்டு கருகிய புள்ளிகள், அவ்வளவு சின்ன இடத்தில்தான் மொத்த கரண்டும் போய்வந்திருக்கிறது. அந்த இடத்தை கிரைண்டரால் வெள்ளையாகத் தேய்த்து, லக்கின் போல்ட்டை முறுக்கிய பிறகு பாதித் துடிப்பு நின்றுவிட்டது. மிஷினோடு வந்த தகரக் கிளாம்ப்பைப் பிறகு மாற்றிவிட்டேன். என்னைக் கேட்டால் வாங்கின அன்றைக்கே மாற்றலாம்.

மீதிப் பாதி எக்ஸ்டென்ஷன் வயரில் இருந்தது. 1 சதுர மி.மீ. வயர், 30 மீட்டர், அதுவும் பாதி சுருட்டியபடியே. தம்பியை மீட்டரைப் பார்க்கச் சொல்லி ராடை உரசினேன், 225 வோல்ட் இருந்தது ஆர்க் பற்றியதும் 190க்குக் கீழே போனது. 4 சதுர மி.மீ. வயர் 15 மீட்டர் வாங்கி 16 ஆம்பியர் பிளக்கில் போட்டதும் மிஷினே வேறு மாதிரி ஆகிவிட்டது!

அப்புறம்தான் கையைப் பற்றிப் பேச முடியும். 2.5 மி.மீ. ராடு என்றால் நுனிக்கும் இரும்புக்கும் இடைவெளி ஏறக்குறைய அந்த 2.5 மி.மீ.தான் இருக்க வேண்டும், ஆனால் ராடு எரிய எரியக் குட்டையாகிறதே, நம் கை ஆரம்பித்த உயரத்திலேயே நின்றால் இடைவெளி கூடிக்கொண்டே போய் ஆர்க் நீண்டு, பொறி தெறித்து அணைந்துவிடும். முன்னால் நகர்த்தும்போதே மெதுவாகக் கீழேயும் இறக்க வேண்டும். 6013 என்ற வகை ராடில் எனக்கு 75 முதல் 80 ஆம்பியர் சரியாக வருகிறது. ஒட்டிக்கொண்டே இருந்தால் மட்டும் ஐந்து ஐந்தாகக் கூட்டிப் பாருங்கள்.

மழைக்காலத்தில் பழைய தொல்லை திரும்பியது. பிரித்த பாக்கெட்டை ஷெட்டில் வைத்திருந்தேன், ராடின் மேல்பூச்சு ஈரம் குடித்துப் படபடவென்று வெடித்தது. இப்போது மூடி இறுகிய டப்பாவில்தான் ராடு. நனைந்த 6013 என்றால் 100 டிகிரியைக் கொஞ்சம் தாண்டிய சூட்டில் ஒரு மணி நேரம் காய வைக்கிறேன், 7018 என்ற இன்னொரு வகை ராடுக்கு இந்தச் சூடு போதாது.

மூலையை நெருங்கும்போது மட்டும் ஆர்க் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறதா? அது காந்த இழுப்பு, டிசி மிஷினில் வரும். கிளாம்ப்பை மறுமுனைக்கு மாற்றி, இடைவெளியைக் குறைத்தாலே பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.

எனக்கு இன்னும் பிடிபடாதது மெல்லிய ஸ்கொயர் பைப். ஆம்பியரைக் குறைத்தால் ஆர்க் அணைகிறது, கூட்டினால் ஓட்டை விழுகிறது. 2 மி.மீ. ராடு வாங்கி வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை பழைய துண்டுகளில் போட்டுப் பார்க்க வேண்டும்.